கப்பல் காகிதத்தின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது?

போடிநாயக்கனூரில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் கடல் தெரியாது. மேற்கே போடிமெட்டு மலை, கிழக்கே தேனிச் சாலை. அப்படியிருந்தும் இந்த ஊரிலிருந்து ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் சிறு வியாபாரிகள், கடலில் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கப்பல் தாமதமானால் கட்டுகிறார்கள். சரக்கு அந்நியத் துறைமுகத்தில் தேங்கினால் கட்டுகிறார்கள். செங்கடலில் சண்டை வந்தால் அதற்கும் கட்டுகிறார்கள். எதற்காகக் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்டுகிறவர்கள் குறைவு. கப்பல் தொழிலில் புழங்கும் சொற்களில் பெரும்பாலானவை, நஷ்டம் வந்தால் அது யார் தலையில் விழும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கும் தீர்ப்புகள். அந்தத் தீர்ப்பு, அதைச் சுமக்கப்போகிறவருக்குப் புரிகிற மொழியில், அவர் ஒப்புக்கொள்வதற்கு முன்பே அவர் கைக்கு வந்து சேர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிப்பது என் தொழில். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில்லுக்கான விவரங்கள், தாவர நலச் சான்று, வங்கிக்குப் போக வேண்டிய கட்டு எல்லாமே என் மேஜையைத் தாண்டித்தான் போகும். அம்மா போடியில் ஒரு ஏலக்காய்க் கம்பெனியில் காய் பொறுக்கும் வேலை பார்த்தவர். சல்லடைக்குப் போகும் முன்பே எட்டு மில்லிமீட்டர் காயை விரலாலேயே பிரித்துவிடுவார். அதே கம்பெனியின் முன்னறையில் டைப்ரைட்டரோடு தொடங்கியது என் வேலை. இப்போது தனியாகச் செய்கிறேன். பெரிய ஏற்றுமதியாளர்களுக்குக் கொச்சியிலும் தூத்துக்குடியிலும் ஆட்கள் உண்டு, வக்கீல் உண்டு. என்னிடம் வருகிறவர்கள் தேவாரம், சிலமலை, கோம்பைப் பக்கத்துப் பிள்ளைகள். அப்பாவுக்கு மலையில் இரண்டு மூன்று ஏக்கர் காடு இருக்கும். பிள்ளை பொறியியல் படித்திருக்கும். ஸ்பைசஸ் போர்டின் மின் ஏலத்தில் யாரோ எடுத்து, யாரோ தரம் பிரித்து, யாரோ துபாய்க்கு அனுப்புகிற காயை நாமே அனுப்பினால் என்ன என்று கணக்குப் போடுகிறவர்கள். நல்ல ஆசை. இந்த ஊருக்கு வேண்டிய ஆசையும் அதுதான்.

மலைக்கும் கப்பலுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததில்லை. நூற்றிருபது வருஷத்துக்கு முன்பு மூணாறு தேயிலையே இந்த வழியாகத்தான் கடலுக்குப் போனது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதையும், 1908-இலிருந்து சிறு ரயிலும் ஓடின. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகளைக் கம்பி வழியாகக் கொட்டகுடிக்கு இறக்கினார்கள். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி. பிறகு சமவெளி வழியே தூத்துக்குடி, அப்புறம் இங்கிலாந்து. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் பாதை அடித்துச் செல்லப்பட்டது. போடிக்கு ரயில் வந்தது 1928-இல். ஏலக்காயின் மேல்தரத்தை இன்றும் ஏஜிஇபி என்றுதான் எழுதுகிறோம். அதன் விரிவு ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு. மலைக்காயின் தரத்துக்கே ஆலப்புழை என்ற துறைமுகத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் அந்த நாளைக்கும் இந்த நாளைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அன்று கப்பல் காகிதங்களில் இருந்தது தோட்டக் கம்பெனியின் பெயர். பெட்டி கடலில் விழுந்தாலும், இங்கிலாந்தில் விலை சரிந்தாலும் கொட்டகுடி வண்டிக்காரருக்கு வண்டிக்கூலி வந்துவிடும். இன்று அந்த வண்டிக்காரரின் கொள்ளுப்பேரன் தானே ஏற்றுமதியாளர். சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியாகத் தரும் பில் ஆஃப் லேடிங்கில், ஷிப்பர், அதாவது அனுப்புபவர், என்ற கட்டத்தில் அவன் பெயர் இருக்கிறது. கட்டத்துக்குள் பெயர் ஏறிய நிமிஷம், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் அத்தனை ஷரத்துகளும் அவனுக்குப் பொருந்தும். அதைப் படித்தவர் யாரையும் நான் போடியில் பார்த்ததில்லை. படிக்க முடிகிற எழுத்திலும் அது இல்லை.

முதலில் சி.ஐ.எஃப். என்பதை எடுத்துக்கொள்வோம். "சி.ஐ.எஃப். ஜெத்தா" என்று விலை சொன்னால், சரக்கின் விலையோடு ஜெத்தா துறைமுகம் வரைக்குமான கப்பல் கட்டணமும் இன்ஷூரன்சும் அதில் அடக்கம். இவ்வளவு எல்லோருக்கும் தெரியும். தெரியாத பகுதி இனிமேல்தான். காசு கட்டுவது ஜெத்தா வரை நாம்தான், ஆனால் சரக்குக்கு ஏற்படும் ஆபத்து நம் துறைமுகத்திலேயே, கப்பலில் ஏறியவுடன், வாங்குபவரிடம் போய்விடுகிறது. காசு ஒரு இடத்தில் முடிகிறது, ஆபத்து இன்னொரு இடத்தில் கைமாறுகிறது. என்னிடம் வருகிறவர்கள் இரண்டும் ஒரே இடம் என்றே நினைக்கிறார்கள். வழியில் சரக்கு கெட்டுவிட்டது என்று வாங்குபவர் சத்தம் போட்டதும், பயந்து விலையைக் குறைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். குறைக்க வேண்டிய கடமையே இல்லாத இடத்தில் குறைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். கப்பல் கட்டணத்தை வாங்குபவரே கட்டும் எஃப்.ஓ.பி. முறையில் இன்னொரு சிக்கல். அதிலும் கப்பலில் ஏறும் வரை ஆபத்து நம்முடையது. கன்டெய்னர் சரக்கை நாம் கப்பலருகே கொண்டுபோவதில்லை, துறைமுகத்துக்கு வெளியே கிடங்கில் ஒப்படைத்துவிட்டு வருகிறோம். ஒப்படைத்த பிறகும் ஏறும் வரை நடப்பதெல்லாம் நம் கணக்கு. அதனால்தான் கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.ஓ.பி.க்குப் பதிலாக எஃப்.சி.ஏ. என்ற முறையைப் பயன்படுத்துங்கள் என்று, இந்த விலைச் சொற்களுக்கான இன்கோடெர்ம்ஸ் விதிகளை வெளியிடும் பன்னாட்டு வர்த்தக சபையே சொல்கிறது. எஃப்.சி.ஏ.வில், குறித்த இடத்தில் ஒப்படைத்ததோடு நம் பொறுப்பு முடியும். இந்த ஒரு மாற்றத்துக்கு ஒரு பைசா செலவில்லை. போடியில் எஃப்.சி.ஏ. என்று எழுதிய இன்வாய்ஸ் என் கைக்கு அபூர்வமாகவே வருகிறது.

தேவாரம் பக்கத்துப் பையன் ஒருவனுடைய அனுபவத்தைச் சொல்ல வேண்டும். சில நூறு கிலோ காய். முழுக் கன்டெய்னர் எடுக்கும் அளவு இல்லாததால் எல்.சி.எல். முறையில், பலருடைய சரக்கோடு சேர்ந்து ஒரே பெட்டியில் போனது. பணம் கட்டிக் காகிதத்தை வங்கியில் எடுத்துக்கொள்வதாக வாங்குபவர் ஒப்புக்கொண்டிருந்தார். கப்பல் போய்ச் சேர்வதற்குள் காய் விலை இறங்கிவிட்டது. ஏலக்காய் விலையின் ஏற்ற இறக்கம் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. 2019 ஆகஸ்டில் கேரளத்துப் புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. மூன்று வருஷத்துக்குள் சராசரி ஆயிரத்துக்கும் கீழே வந்தது. விலை இறங்கியதும் வாங்குபவர் வங்கிப் பக்கமே போகவில்லை. சரக்கு அந்த ஊர்க் கிடங்கில் கிடந்தது. நாள் வாடகை ஓடத் தொடங்கியது. சில வாரங்களில் போடிக்கு பில் வந்தது.

"அக்கா, சரக்கு போய்ச் சேந்துருச்சு. கப்பல் வாடகை முழுசும் கட்டிட்டேன். இன்னும் என்னக்கா காசு?" என்று கேட்டான். அவனிடம் பில் ஆஃப் லேடிங்கின் பின்பக்கத்தைக் காட்டினேன். அதில் மெர்ச்சன்ட் என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம் இருக்கும். அனுப்புபவர், பெறுபவர், காகிதத்தை வைத்திருப்பவர், சரக்கின் உரிமையாளர் எல்லோரும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். கட்டணங்களுக்கு மெர்ச்சன்ட் பொறுப்பு என்று இன்னொரு ஷரத்து இருக்கும். பெறுபவர் ஓடிவிட்டால் அனுப்பியவரைப் பிடிக்கலாம் என்பது இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விளங்கும். கடைசியில் அங்கேயே வேறொருவருக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்து முடித்தான். அவன் அடுத்த சரக்கு அனுப்பவில்லை. இப்போது ஒரு பெரிய கம்பெனிக்குக் காய் வாங்கிக் கொடுக்கும் வேலை பார்க்கிறான்.

முழுக் கன்டெய்னர் எடுப்பவர்களுக்கு இதே கதை டெமரேஜ், டிடென்ஷன் என்ற இரண்டு பெயர்களில் வரும். பெட்டி துறைமுக வளாகத்துக்குள் இலவச நாட்களைத் தாண்டி நின்றால் முதலாவது. வெளியே எடுத்துப்போன பெட்டியைக் காலி செய்து திருப்பித் தரத் தாமதமானால் இரண்டாவது. இலவச நாட்கள் எத்தனை என்பதை, நமக்காகக் கப்பலில் இடம்பிடித்துச் சரக்கை அனுப்பிவைக்கும் ஃபார்வர்டரிடம் பேசி வாங்கலாம். பேசி வாங்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

இனி நான் சொல்லப்போவது கொஞ்சம் கணக்கு. பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இது ஒரு வரியில் பல லட்சம் ரூபாயைத் தீர்மானிக்கிற இடம். கப்பல் கம்பெனியின் தவறால் சரக்கு தொலைந்தாலோ கெட்டாலோ, முழு மதிப்பும் கிடைத்துவிடாது. நம் நாட்டுத் துறைமுகத்திலிருந்து போகும் சரக்குக்குச் சட்டம் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது: ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர்., அல்லது ஒரு கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., இரண்டில் எது அதிகமோ அது. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. ஒன்றின் மதிப்பு நூறு ரூபாய்க்கு மேல். காயின் மதிப்பை முன்கூட்டியே அறிவித்து பில் ஆஃப் லேடிங்கில் எழுதி வாங்கினால் இந்த வரம்பு பொருந்தாது. அதற்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள், யாரும் செய்வதில்லை.

இப்போது ஆயிரம் கிலோ காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 கிலோ பிடிக்கும் 40 அட்டைப்பெட்டிகள், இரண்டு பேலட் மரத்தட்டுகளில் கட்டியிருக்கிறோம். பில் ஆஃப் லேடிங்கில் "2 பேலட்" என்று மட்டும் எழுதினால் பொதி இரண்டுதான். பொதிக் கணக்கில் 1,333 எஸ்.டி.ஆர்., எடைக் கணக்கில் 2,000 எஸ்.டி.ஆர். அதிகமானது 2,000. அதே சரக்குக்கு "2 பேலட்டில் 40 அட்டைப்பெட்டிகள்" என்று எழுதியிருந்தால் பொதி நாற்பது. வரம்பு 26,666 எஸ்.டி.ஆர். ஆகிவிடும். பதிமூன்று மடங்கு. முதலாவதில் சில லட்சம் ரூபாயோடு கதை முடியும். இரண்டாவதில் காயின் மதிப்பு முழுவதுமே வரம்புக்குள் வர வாய்ப்பு உண்டு. கூடுதல் செலவு ஏதுமில்லை, வேண்டியது ஒரு சொல்லும் ஒரு எண்ணும். வரைவு பில் ஆஃப் லேடிங் மின்னஞ்சலில் வரும்போது, பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து "ஓகே" போடுகிறவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதில்லை. பார்க்கச் சொல்லி அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவும் இல்லை.

இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறோமே என்பார்கள். எது எடுத்திருக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். சரக்கு இன்ஷூரன்சில் ஏ, பி, சி என்று மூன்று வகை ஷரத்துகள் உண்டு. சி.ஐ.எஃப். முறையில் விற்பவர் எடுக்க வேண்டிய குறைந்தபட்சம் சி. தீ, மூழ்குதல், மோதல் போன்ற பெரிய விபத்துகளுக்கு அது போதும். கடல் தண்ணீர் பெட்டிக்குள் புகுந்தால் அதில் இடமில்லை, திருட்டுக்கும் இடமில்லை. ஏலக்காய்க்கு ஈரம்தான் எமன். பச்சை நிறம் போனால் விலை போயிற்று. நல்ல வெயிலில் பூட்டிய பெட்டி குளிர்ந்த கடலுக்குள் போகும்போது கூரையில் நீர் கோத்துச் சொட்டும், துறைமுகத்தில் அதைக் கன்டெய்னர் மழை என்பார்கள். ஏ வகை பாலிசி எடுத்து, ஈரம் உறிஞ்சும் பைகளையும் பெட்டிக்குள் தொங்கவிட்டால் ஓரளவு பாதுகாப்பு. பிரீமிய வித்தியாசம் சரக்கின் மதிப்போடு ஒப்பிட்டால் சிறியது. போர் ஆபத்து இந்த மூன்றிலும் கிடையாது, அதைத் தனியாக எடுக்க வேண்டும். 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது அந்தத் தனிப் பாலிசியின் அருமை தெரிந்தது. சவூதிக்காரர்களின் கஹ்வா காப்பியில் ஏலக்காய் இல்லாமல் இல்லை, நம் காய்க்கு அது பெரிய சந்தை. ஜெத்தா இருப்பதோ செங்கடல் கரையில்.

இன்ஷூரன்சே எடுக்காதவர்களுக்கு ஜெனரல் ஆவரேஜ் என்ற சொல் இன்னும் கடுமையானது. கப்பலைக் காப்பாற்ற வேண்டுமென்றே ஒரு செலவோ இழப்போ செய்யப்பட்டால், அந்தக் கப்பலில் சரக்கு வைத்திருந்த அத்தனை பேரும் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். நம் சரக்கு ஒரு கீறலும் படாமல் இருந்தாலும் கட்ட வேண்டும். 2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் நின்றது. மீட்ட பிறகு கப்பலின் உரிமையாளர்கள் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார்கள். இன்ஷூரன்ஸ் உள்ளவருக்கு அவர் கம்பெனி உத்தரவாதம் கொடுக்கும். இல்லாதவர் ரொக்கம் கட்டாமல் சரக்கை எடுக்க முடியாது. எங்கோ எகிப்தில் நடப்பது என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2025 மே 25 அன்று, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்கு அறுநூறுக்கும் மேற்பட்ட கன்டெய்னர்களோடு வந்த எம்.எஸ்.சி. எல்சா 3 கேரளக் கடலில் மூழ்கியது. நம் காய் போகிற கொச்சித் துறைமுகத்தின் வாசல் அது.

இவ்வளவையும் ஒரு சிறு வியாபாரி தானாகக் கற்றுக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. கடன் வாங்குகிறவரிடம் நாம் அப்படிச் சொல்வதில்லை. சில்லறைக் கடனுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களின் தவணைக் கடனுக்கும் முக்கிய விவரங்கள் அடங்கிய ஒரு தாளை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஏலக்காய் வாங்கத் தவணைக் கடன் எடுத்தால் அந்தத் தேவாரத்துப் பையனுக்குத் தமிழில் தாள் கிடைக்கும். அதே ஏலக்காயைக் கப்பலில் ஏற்றும்போது கிடைக்காது. இரண்டிலும் போவது அவன் வீட்டுப் பத்திரம்தான்.

சட்டமும் சமீபத்தில் புதிதாகியிருக்கிறது. 1856-ஆம் ஆண்டின் பில் ஆஃப் லேடிங் சட்டம் போய் 2025 ஜூலையில் புதுச் சட்டம் வந்தது. 1925-ஆம் ஆண்டின் கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அடுத்த மாதமே மாற்றப்பட்டது. பழைய ஆங்கிலத்தை எளிய ஆங்கிலமாக்கினோம் என்றார்கள். வரவேற்கிறேன். மத்தியச் சட்டங்களுக்கு மாநில மொழிகளில் அதிகாரபூர்வமான வடிவம் வெளியிட 1973-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. இந்த இரண்டு புதுச் சட்டங்களையும் தமிழில் வெளியிட அதைப் பயன்படுத்தலாம். ஆனாலும் சட்டத்தைவிட அவசரமானது ஃபார்வர்டர் தரும் கட்டண மதிப்பீடு. வியாபாரி முடிவெடுப்பது அதைப் பார்த்துத்தான்.

ஃபார்வர்டர்கள் என்னிடம் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு. தமிழில் ஒரு தாள் கொடுத்தால், நாளை வழக்கு வரும்போது தமிழ்த் தாள் செல்லுமா, ஆங்கில ஒப்பந்தம் செல்லுமா என்று குழப்பம் வரும் என்கிறார்கள். நியாயமான கவலை. ஆங்கில ஒப்பந்தமே செல்லும் என்று அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது வழக்காடுவதற்கான காகிதம் இல்லை, முடிவெடுப்பதற்கான காகிதம். தூய தமிழ்ச் சொற்கள் உருவாக்கவும் நான் கேட்கவில்லை. டெமரேஜ் டெமரேஜாகவே இருக்கட்டும். அதற்கு நேரே எத்தனை நாளுக்குப் பிறகு, நாளொன்றுக்கு எவ்வளவு, பெறுபவர் வராவிட்டால் யார் என்று தமிழில் நிரப்பிக் கொடுத்தால் போதும்.

ஒரு பக்கத்துக்குள் அடங்கும் அது. ஆபத்து எந்த இடத்தில் கைமாறுகிறது, இறங்கும் துறைமுகத்தில் என்னென்ன கட்டணம், அது யாருடையது, இலவச நாட்கள் எத்தனை, இன்ஷூரன்ஸ் எந்த வகை, போர் ஆபத்து சேர்ந்திருக்கிறதா, பில் ஆஃப் லேடிங்கில் பொதிகளின் எண்ணிக்கை எப்படி எழுதப்படும், அந்த பில் ஆஃப் லேடிங்கைக் கொடுப்பது கப்பல் கம்பெனியா ஃபார்வர்டரா. கடைசிக் கேள்வி எல்.சி.எல். அனுப்புகிறவர்களுக்கு முக்கியம், ஏனென்றால் அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஃபார்வர்டர் தன் பெயரில் தரும் ஹவுஸ் பில். கப்பல் கம்பெனியிடம் அவர்கள் நேராகப் போய் நிற்க முடியாது.

ஸ்பைசஸ் போர்டு இதில் முதல் அடி எடுத்து வைக்கலாம். ஏற்றுமதியாளராகப் பதிவு செய்ய எல்லோரும் அவர்களிடம்தான் போக வேண்டும். பதிவுச் சான்றோடு இந்தத் தாளின் மாதிரியையும் தமிழில் கொடுக்கட்டும். போடியிலேயே அவர்களுக்கு ஏல மையம் இருக்கிறது. வியாபாரிகள் கூடும் நாளில் அதை விளக்கிச் சொல்ல ஓர் அலுவலர் போதும். பிற்பாடு கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வர வேண்டும். 1993-ஆம் ஆண்டின் பல்வகைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, வீட்டு வாசலிலிருந்து அயல்நாடு வரை ஒரே ஆவணத்தில் சரக்கு அனுப்பும் நிறுவனங்கள் அவர்களிடம் பதிவு செய்தாக வேண்டும், பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். புதுப்பிக்க வரும் நிறுவனத்திடம், சிறு ஏற்றுமதியாளருக்கு அவர் மொழியில் தரும் விவரத் தாளின் மாதிரியைக் காட்டு என்று கேட்கும் ஒரு சுற்றறிக்கையை இந்த ஏலக்காய்ப் பருவம் முடிவதற்குள் வெளியிட முடியும்.